ஸ்கேன் படத்தை வைத்து ஆளை எடைபோடலாமா?

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறம். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால் பாதி மனம் நிறைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அதோடு நிற்பதில்லை. குட்டிக்குப் பின்னால் போய் நின்று கைதட்டிப் பார்ப்பார்கள், தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். குட்டி திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேச்சு. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பழைய பிரச்சினை. உடம்பை வெள்ளையாக்கும் மரபுக் காரணமே உள்காதிலும் கை வைக்கிறது. அங்கே இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களுக்குள் மடிந்துவிடுகின்றன.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் அத்தனையும் வெள்ளையாக இருக்கும்போது, எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கால்நடை மருத்துவத்தில் அதற்கு நம்பகமான வழி உண்டு. தலையில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, காதில் 'டிக் டிக்' என்ற ஒலியைக் கொடுத்து, மூளைத்தண்டில் அலை எழுகிறதா என்று பதிவு செய்கிறார்கள். மனிதக் குழந்தைகளுக்கும் இதே சோதனைதான். தமிழ்நாட்டில் பெற்றோர் 'பெரா டெஸ்ட்' என்கிறார்களே, அது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் முன் குழந்தைகள் இந்தச் சோதனையைக் கடந்துதான் போகிறார்கள்.

மூளையை அளந்து ஒரு தனி உயிரைப் பற்றி உறுதியாகப் பேச முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கேள்வி சிறியது: ஒலி மூளைக்குப் போய்ச் சேருகிறதா, இல்லையா? பதிலை அதே குழந்தையிடம் வேறு வழிகளிலும் சரிபார்க்கலாம். தவறென்றால் சில மாதங்களில் தெரிந்துவிடும்.

இப்போது உலகம் முழுவதும் மூளை ஸ்கேனிடம் கேட்கப்படும் கேள்விகள் வேறு வகை. இந்தப் பிள்ளை நன்றாகப் படிப்பானா? இந்த இளைஞன் குடிக்கு அடிமையாவானா? இவள் பொய் சொல்கிறாளா? சிறையிலிருந்து வெளியே போகிறவன் மறுபடியும் குற்றம் செய்வானா? ஆய்வுக்கூடத்தில் இவற்றைக் கேட்பதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அரைகுறை பதிலைப் பள்ளிக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்து வருவது மனிதர்களுக்குச் செய்யும் அநீதி. இந்தியாவில் அது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

ஸ்கேனின் மதிப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. பக்கவாதம் வந்தவரை நள்ளிரவில் மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோன அனுபவம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. மூளையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று நிமிடங்களில் காட்டுவது அந்தப் படம்தான். கட்டி, வலிப்புக்குக் காரணமான தழும்பு, புழுக்கட்டி எல்லாம் அதில் தெரியும். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது இந்தப் பகுதி மக்கள் எதிர்பார்த்தவற்றில் இந்த வசதியும் ஒன்று. இங்கெல்லாம் கேள்வி 'பெரா' சோதனையைப் போலவே குறுகியது, திட்டமானது.

ஆளின் குணத்தையும் எதிர்காலத்தையும் கணிக்கப் பயன்படுவது பெரும்பாலும் இன்னொரு வகை எம்ஆர்ஐ. 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த வழி அது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தப் புலத்தில் வேறு வேறாக நடந்துகொள்ளும். அந்தச் சின்ன வேறுபாட்டைக் கருவி பிடிக்கிறது. சின்ன வேறுபாடு என்றால் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. பத்திரிகைகளில் சிவப்பும் மஞ்சளுமாக எரியும் மூளைப் படம் புகைப்படம் அன்று. பலமுறை அளந்து, சராசரி எடுத்து, புள்ளியியல் வடிகட்டியில் ஊற்றிய பிறகு மிஞ்சும் எண்களுக்குப் பூசிய வண்ணம் அது.

மனிதர்களின் மூளை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் எமிலி ஃபின்னும் சகாக்களும் 126 பேரின் மூளையில் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்து இயங்குகின்றன என்று வரைந்து பார்த்தார்கள். ஒரு நாள் எடுத்த வரைபடத்தைக் கொண்டு இன்னொரு நாள் எடுத்த படங்களில் அதே ஆளைத் தேடியபோது 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. அருமையான வேலை. ஆனால் ஆளை அடையாளம் காண்பது வேறு, ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்வது வேறு. ரேஷன் கடையில் விரலை வைத்தால் கார்டு யாருடையது என்று தெரியும். அவர் நல்லவரா என்று அந்த மெஷின் சொல்வதில்லை.

2011இல் வந்த இன்னொரு ஆய்வு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. ஸ்டான்ஃபோர்டில் ஃபுமிகோ ஹோஃப்ட் தலைமையில், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் டிஸ்லெக்சியா குழந்தைகள் 25 பேரை ஸ்கேன் செய்தார்கள். இரண்டரை ஆண்டு கழித்து யாருடைய வாசிப்பு முன்னேறியிருக்கும் என்பதை, வழக்கமான வாசிப்புத் தேர்வுகளால் சொல்ல முடியாத நிலையில், மூளைப் படங்கள் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டின. எம்ஐடியின் ஜான் கேப்ரியேலி, சத்ரஜித் கோஷ் போன்றவர்கள் 2015இல் இதை ஒரு மனிதாபிமான வாதமாகவே முன்வைத்தார்கள். பிள்ளை தோற்று, அவமானப்பட்டு, அதன் பிறகு உதவி வருவதற்குப் பதில், முன்கூட்டியே கண்டு உதவலாமே என்றார்கள். அந்த நோக்கத்தில் குறை காண முடியாது.

குறை எண்ணிக்கையில் இருந்தது. 2022 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் ஸ்காட் மாரெக், நிகோ டோசன்பாக் ஆகியோரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. மூன்று பெரும் ஆய்வுத் திட்டங்களிலிருந்து சுமார் 50,000 பேரின் மூளைப் படங்களைத் திரட்டி, மூளையின் எந்த அம்சம் அறிவுத்திறனோடும் மனநலத்தோடும் எவ்வளவு சேர்ந்து போகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். முழுமையாகச் சேர்ந்துபோனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொண்டால், நடுத்தரமான தொடர்பு 0.01. மறுபடி சோதித்தும் நிலைத்து நின்ற தொடர்புகளில் மிகப் பெரியது 0.16. ஆட்களுக்கு இடையே காணும் வித்தியாசத்தில் நூற்றில் இரண்டரைப் பங்கைத்தான் அந்த மிகப் பெரிய தொடர்பாலும் விளக்க முடியும். மிச்சம் 97 பங்குக்கும் மேல் வேறெங்கோ இருக்கிறது.

அந்தத் துறையில் வழக்கமாக நடக்கும் ஓர் ஆய்வில் கலந்துகொள்பவர்கள் சுமார் 25 பேர். 25 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் தற்செயலாகவே 0.5 அளவுக்குத் தொடர்பு தென்படலாம். இன்னொரு 25 பேரில் அதற்கு நேர் எதிரான முடிவும் வரலாம். நம்பத் தகுந்த பதிலுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவை என்று அந்தக் கட்டுரை சொன்னபோது, பல ஆண்டுகளாகச் செய்திகளில் வந்த 'மூளையில் தெரியும் புத்திசாலித்தனம்' வகைக் கண்டுபிடிப்புகள் பலவற்றின் அடித்தளம் ஆடியது. அதைச் சொன்னவர்கள் வெளியிலிருந்து கல்லெறிந்தவர்கள் அல்லர். அந்தத் துறையின் ஆராய்ச்சியாளர்களே தங்கள் வீட்டைத் தாங்களே பெருக்கினார்கள். அறிவியலின் மீது மரியாதை கூடுவது இப்படிப்பட்ட வேலையால்தான்.

தலை அசைவு என்று ஒரு சங்கடமும் உண்டு. ஸ்கேன் குழாய்க்குள் ஓர் ஆள் தலையை ஒரு மில்லிமீட்டர் அசைத்தாலே அளவுகள் மாறிவிடும். 2012இல் இதைக் கூர்ந்து பார்த்தபோது, 'சிறுவர் மூளைக்கும் பெரியவர் மூளைக்கும் உள்ள வேறுபாடு' என்று கொண்டாடப்பட்டதில் ஒரு பகுதி, சிறுவர்கள் அதிகம் நெளிந்ததால் வந்த பிழை என்று தெரிந்தது. துறுதுறுப்பான பிள்ளை, பயந்த பிள்ளை, உடம்பு நோகும் பிள்ளை எல்லோருமே அதிகம் அசைவார்கள். அப்போது கருவி எதை அளக்கிறது?

இந்தியாவில் நடந்த நல்ல ஆய்வு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், அதுவரை மருந்தே எடுத்துக்கொள்ளாத மனச்சிதைவு நோயாளிகள் 81 பேரின் மூளைப் படங்களையும் நோயில்லாத 93 பேரின் படங்களையும் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் முதலிய இடங்களின் கணினி வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. யார் நோயாளி, யார் இல்லை என்பதைக் கணினி 87 சதவீதம் சரியாகப் பிரித்தது. மருந்தின் பாதிப்பு கலக்காத படங்கள் கிடைப்பது உலகிலேயே அரிது. அதனால் இந்த ஆய்வு உண்மையிலேயே முக்கியமானது.

87 என்ற எண் பெற்றோர் காதில் விழும்போது பெரிய மார்க்காகத்தான் ஒலிக்கும். இதையே ஓர் ஊருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் சுமார் 75,000 பேர். ஒரு கணக்குக்காக, நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் என்று கொள்வோம். அப்படியானால் ஊரில் 750 நோயாளிகள். எல்லோரையும் ஸ்கேன் செய்து, நோயாளிகளிலும் மற்றவர்களிலும் 87 சதவீதம் சரியாகப் பிரித்தால், 750 பேரில் சுமார் 650 பேரைக் கருவி பிடித்துவிடும். நோயில்லாத 74,250 பேரில் 13 சதவீதத்தினரை, அதாவது 9,650 பேருக்கும் மேலானவர்களை, நோயாளி என்று தவறாகச் சொல்லும். முத்திரை குத்தப்பட்ட பத்தாயிரம் பேரில் உண்மையான நோயாளி ஏறத்தாழ பதினாறில் ஒருவர். மற்ற பதினைந்து பேரின் திருமணப் பேச்சும் வேலையும் வீட்டு வாடகையும் என்ன ஆகும் என்பதை ஒரு சிற்றூரில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆய்வைச் செய்தவர்கள் ஊரையே ஸ்கேன் செய்யச் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு அறிகுறிகளோடு வருகிறவரிடம் மருத்துவருக்கு உதவும் கருவியாகவே அதைப் பார்த்தார்கள். ஆபத்து, இடம் மாற்றிப் பயன்படுத்துவதில் இருக்கிறது. மனச்சிதைவு இன்றும் மருத்துவர் உட்கார்ந்து பேசி, குடும்பத்தாரிடம் விசாரித்து, மாதக்கணக்கில் கவனித்து உறுதிசெய்யப்படும் நோய். சென்னையில் 1984இல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு வேலை செய்து வருவதும் இந்தப் பேச்சும் கவனிப்பும் வழியாகத்தான்.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது மாவட்டத் தலைநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் என்று மாவட்டம் முழுவதிலிருந்தும் கொலை வழக்குக்கும் குடும்ப வழக்குக்கும் ஜனங்கள் பஸ் ஏறி வருவது இங்கேதான். அதனால் புணேயில் நடந்தது இந்த ஊருக்கும் தெரிய வேண்டும்.

2008 ஜூனில் புணே அமர்வு நீதிமன்றம், முன்னாள் காதலருக்குப் பிரசாதத்தில் ஆர்சனிக் கலந்து கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எம்பிஏ மாணவிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சான்றுகளில் ஒன்று அவர் மூளை. நிம்ஹான்ஸில் முன்பு பணியாற்றிய உளவியலாளர் சம்பாடி ராமன் முகுந்தன் உருவாக்கிய முறை அது. தலையில் மின்முனைத் தொப்பி, மூடிய கண்கள், வாய் திறக்க வேண்டியதில்லை. 'நான் ஆர்சனிக் வாங்கினேன்' என்பதைப் போன்ற வாக்கியங்களைப் படித்துக் காட்டுவார்கள். மூளையின் மின் அலையைப் பார்த்து, அந்தச் செயலை அவர் அனுபவித்துச் செய்தாரா, வெறுமனே கேள்விப்பட்டாரா என்று மென்பொருள் பிரித்துவிடும் என்பது உரிமைகோரல். நீதிபதி தம் தீர்ப்பில் ஒன்பது பக்கங்களை அந்தச் சோதனையை நியாயப்படுத்தவே ஒதுக்கினார். மூளை அலையைச் சான்றாகக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்று சொன்ன தீர்ப்பாக உலகப் பத்திரிகைகளில் அது பேசப்பட்டது. பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை ஜாமீனில் விடுவித்தது.

2008ஆம் ஆண்டிலேயே, நிம்ஹான்ஸ் இயக்குநர் டி. நாகராஜா தலைமையிலான நிபுணர் குழு, இந்த முறைகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது, விசாரணைக் கருவியாகவோ நீதிமன்றச் சான்றாகவோ பயன்படுத்தக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2010 மே 5ஆம் தேதி 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள், உண்மை கண்டறியும் ஊசி, பாலிகிராஃப், மூளை வரைவு ஆகிய மூன்றையும் ஒருவரின் விருப்பமின்றி நடத்துவது அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20ஆம் பிரிவின் பாதுகாப்பு, வாய் பேசாமல் மூளை பேசினாலும் பொருந்தும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்திய நீதித்துறை பெருமைப்படத் தகுந்த தீர்ப்பு.

ஆனாலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. சம்மதம் இருந்தால் சோதனை செய்யலாம். 2020இல் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் ஒரு தலித் இளம்பெண் தாக்கப்பட்டு இறந்த வழக்கில் கைதான நால்வரும் இதே மூளை அலைச் சோதனைக்காக காந்திநகருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போலீஸ் காவலில், வக்கீல் இல்லாமல், படிப்பறிவு குறைந்த ஒருவர் கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன பொருள்? மறுத்தால் 'மடியில் கனம் இருக்கிறது' என்று ஊர் பேசும், பேப்பரிலும் எழுதுவார்கள். மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படும் சம்மதம் சம்மதம் ஆகாது.

அமெரிக்காவில் இன்னொரு படி மேலே போய்ப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான ஆய்வில், நியூ மெக்சிகோ சிறைகளிலிருந்து விடுதலையாக இருந்த 96 ஆண்களை நடமாடும் ஸ்கேன் வண்டியில் படம் எடுத்தார்கள். மூளையின் நடுமுன் பகுதி ஒன்றில் இயக்கம் குறைந்திருந்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் மறுபடி கைதாகும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று தெரிந்தது. நீதிமன்றத்தில் பயன்படுத்தும் நிலைக்கு இது வரவில்லை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். அப்படிச் சொன்னது அவர்களின் நேர்மை. 'இருமடங்கு வாய்ப்பு' என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. கூண்டில் நிற்பவர் ஒரே ஆள். இயக்கம் குறைந்தவர்களிலும் திருந்தி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள்.

தலையை அளந்து குற்றத்தைத் தேடும் வேலை இந்திய மண்ணுக்குப் புதிதும் அன்று. 1833இல் மத்திய இந்தியாவின் சாகரில் தூக்கிலிடப்பட்ட 'தக்' கொள்ளையர் ஏழு பேரின் மண்டை ஓடுகளை ஹென்றி ஸ்ப்ரை என்ற ஆங்கிலேய மருத்துவர் எடின்பரோவுக்கு அனுப்பினார். மண்டைப் புடைப்பைத் தடவிக் குணம் சொல்லும் சங்கம் அங்கே இருந்தது. கொலைக்குரிய புடைப்பு எதிர்பார்த்த அளவு பெரிதாக இல்லாதபோது, இவர்கள் வளர்ந்த சூழல் அப்படி என்று விளக்கம் தந்து கோட்பாட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் தலையையும் அளக்கும் கருவிகளோடு மாகாணம் முழுக்கச் சுற்றினார். சாதி சாதியாக மனிதர்களை அளந்தார். சென்னை மாகாணப் போலீசாருக்கு உடல் அளவீடு பற்றி வகுப்பும் எடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் நூல் வந்தது.

1911இல் திருத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தனி ஆள் என்ன செய்தார் என்ற கேள்வியே அதில் இல்லை. இந்தக் கூட்டத்தில் பிறந்தாயா, பெயரைப் பதிவு செய், ரேகை வை, இரவில் வந்து படு. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் அதை மக்கள் ரேகைச் சட்டம் என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண் அவர்களில் ஒருவர். 1947இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர் பெருங்காமநல்லூர். கூட்டத்தின் கணக்கைத் தனி ஆளின் தலையில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை இந்த வட்டாரம் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. தர்ஸ்டனின் அளவுகோலும் இன்றைய எம்ஆர்ஐயும் ஒரே தரமல்ல. எம்ஆர்ஐ உண்மையான அறிவியல். ஆனால் அதிகாரம் கையில் உள்ளவர்கள் அளவீட்டைப் பயன்படுத்தும் விதம் மாறிவிட்டது என்று நம்புவதற்குப் போதிய காரணம் இன்னும் கிடைக்கவில்லை.

செய்தித்தாள்களும் இதில் பொறுப்பேற்க வேண்டும். 2019இல் ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள், ஆண்கள் 50 பேர், பெண்கள் 50 பேர் என 100 பேரின் படங்களைக் கொண்டு இந்திய மூளைக்கான மாதிரி வரைபடம் ஒன்றைத் தயாரித்தார்கள். வெளிநாட்டார் மூளையை அளவுகோலாக வைத்தால், அல்சைமர் நோயில் மூளை சுருங்குவதை இந்தியரிடம் தவறாகக் கணிக்க நேரும் என்பதுதான் தேவை. மறுநாள் பல பத்திரிகைகளில் வந்த தலைப்பு 'இந்தியர் மூளை சிறியது'. மருத்துவருக்குத் தேவையான ஓர் அளவுகோல், ஒரே இரவில் ஓர் இனத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிட்டது.

பள்ளிகளில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. குழந்தையின் பத்து விரல் ரேகையை எடுத்து, இடது மூளை இவ்வளவு, வலது மூளை இவ்வளவு, டாக்டராகலாம், இசைக்குப் போகலாம் என்று பக்கம் பக்கமாக அறிக்கை தரும் 'டிஎம்ஐடி' சோதனை தமிழ்நாட்டில் பணத்துக்கு விற்கப்படுகிறது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் எச்சரித்திருக்கிறது. அதற்கு முன் 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கச் சொல்லித் தரும் வகுப்புகள் வந்தன. மங்களூரின் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் ஊர் ஊராகப் போய் அந்த ஏமாற்றை அம்பலப்படுத்த வேண்டியிருந்தது. சீனாவில் 2019இல் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் நெற்றியில் மூளை அலைப் பட்டை கட்டினார்கள். கவனித்தால் ஒரு நிறம், கவனம் சிதறினால் இன்னொரு நிறம், விவரம் பெற்றோரின் போனுக்கு. மக்கள் கொதித்த பிறகுதான் நிறுத்தினார்கள். விலை குறைந்ததும் அந்தப் பட்டை எந்த ஊர்ப் பள்ளிக்கும் வரும். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் மில் தொழிலாளி, பள்ளியே சொல்கிறது என்றால் மறுப்பாரா?

வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு உண்மையில் உதவியது எது என்பதற்கு ஹரியானாவின் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் நல்ல பதில் வைத்திருக்கிறது. நந்தினி சட்டர்ஜி சிங் அங்கே ஸ்கேன் கருவியோடு வாசிப்பை ஆராய்ந்தவர். அவர் குழு 2015இல் பள்ளிகளுக்குத் தந்தது ஸ்கேன் கருவியை அன்று. 'டாலி' என்ற வாசிப்புச் சோதனைத் தொகுப்பு அது. முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில், ஆசிரியர் வகுப்பிலேயே பயன்படுத்தும் விதத்தில் வந்தது. பிள்ளை எழுத்தைப் பிரித்துச் சொல்கிறதா, ஒலியைச் சேர்க்கிறதா, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. மூளையை நன்றாகத் தெரிந்தவர்களே வகுப்பறைக்கு இதைத்தான் பொருத்தம் என்று தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் சோதித்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்திய பள்ளிகள் இந்த நாட்டில் ஏராளம்.

ஆராய்ச்சி நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. நிம்ஹான்ஸ் ஒருங்கிணைக்கும் 'சி-வேதா' ஆய்வில் 6 வயது முதல் 23 வயது வரை சுமார் 9,000 பேர் சேர்ந்திருக்கிறார்கள். மைசூரு, சண்டீகர், கொல்கத்தா, இம்பால், ரிஷிவேலி என்று வேறு வேறு வாழ்க்கைச் சூழலிலிருந்து வந்தவர்கள். சத்துக்குறைவு, காற்று மாசு, வீட்டு வன்முறை, குடி இவையெல்லாம் வளரும் மூளையை என்ன செய்கின்றன என்பதை இங்கிலாந்துக் குழந்தைகளை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. தென் தமிழகத்தின் பஞ்சாலை ஊர்களும் பட்டாசு ஊர்களும் இப்படிப்பட்ட ஆய்வில் இடம்பெற வேண்டும். இடம்பெறும்போது படத்தின் உரிமை யாரிடம், எத்தனை காலம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சிலி நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023இல், ஒரு முன்னாள் செனட்டரின் மூளை அலைப் பதிவை அழிக்கும்படி அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு உத்தரவிட்டது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுச் சட்டத்தில் மூளைத் தரவுக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் சொல்லப்படவில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை திட்டவட்டமானவை. தமிழ்க் குழந்தைகளிடம் நடத்தி, முடிவுகள் வெளியிடப்பட்டு, புதிய குழந்தைகளிடம் மறுபடியும் சரிபார்க்கப்படாத எந்த மூளைச் சோதனையையும் பள்ளி வளாகத்துக்குள் விற்பதைப் பள்ளிக் கல்வித் துறை தடை செய்ய வேண்டும். 'டாலி' போன்ற வாசிப்புச் சோதனை தமிழில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். நீதிமன்றங்களில், மூளை அலைச் சோதனைக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் சம்மதித்தார் என்று காவல் துறை மனு கொண்டுவந்தால், அந்தச் சம்மதம் மாஜிஸ்திரேட் முன்னால், வக்கீல் பக்கத்தில் இருக்க, தமிழில் கேட்டுப் பதிவாக வேண்டும். மறுத்தால் அது உங்களுக்கு எதிராகப் பேசாது என்பதையும், இந்த முறையை 2008இல் நிபுணர் குழு ஏற்க மறுத்தது என்பதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழ்ப் படிவம் வந்து சேரும் வரை சோதனையை ஒத்திவைக்க வேண்டும்.